தோர்ணக்கல் பேராயர் அசரியா

நூற்றாண்டு மலரொன்றிலே ஒருவருடைய வாழ்க்கை வரலாறு இடம்பெறுவதானால், அது எமது அதிபர்களுள் ஒருவருடையதாகவோ, பல்லாண்டு கற்பித்த ஆசிரியை ஒருவருடையதாகவோ இருக்கும் என்றே வாசகிகள் எதிர்பார்ப்பீர்கள். எமது கல்லூரியோடு நேரடித் தொடர்பில்லாத தென்னிந்தியர் ஒருவரைப் பற்றி நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எம்முட் பலர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் திருச்சபைக் குழுக்களிலும் மாதர் ஐக்கியங்களிலும் ஞாயிறு பாடசாலைகளிலும் பொறுப்புக்களை வகிக்கின்றோம். பொறுப்பை ஏற்பது எமக்குக் கடினமாயில்லை. அதற்கு இன்னொருத்தியைப் பழக்கி, அவள் கையிற் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் கடினமாயிருக்கின்றது. ஒரே தலைவி, ஒரே செயலாளர், ஒரே தனாதிகாரி என்று பதினைந்து, இருபது வருடங்களாக நடைபெறும் சங்கங்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், உழைத்துக் களைத்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் போராடியவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருடைய வாழ்வின் பெரிய திருப்பமொன்று யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது என்பது எம்மில் இளையோர் பலர் அறியாத செய்தி.

1874ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆந் திகதி, திருநெல்வேலிச் சீமையில், பனைகளும் செம்மணலும் சூழ்ந்த வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையார் தோமஸ் வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர். மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் கிறிஸ்தவரானவர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் அச்சமூகத்தவருக்குப் பெருங் கோயில்களினுள்ளே நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பின்னர் அவர் யாரிடையே பணிசெய்யப் போனார் என்பதை விளங்கிக்கொள்ள அது உதவும். தாயார் எலன், ஒரு மகளுக்குப் பின் நெடுங்காலம் வேண்டுதல் செய்து பெற்ற பிள்ளை என்பதால், வேதாகமத்து அன்னாளை நினைந்து சாமுவேல் என்று பெயரிட்டார். 1889இல் தந்தையார் மறைந்தபோது பையனுக்கு வயது பதினைந்து. அதன்பின் அவரை ஆளாக்கியது தாயாரின் கண்டிப்பும் மன்றாட்டுமே.

மெஞ்ஞானபுரத்து விடுதிப் பாடசாலையிலும் திருநெல்வேலியிலும் கற்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். இறுதிப் பரீட்சை வேளையில் நோய்வாய்ப்பட்டமையால் பட்டம் பெறவில்லை. மீண்டும் தோற்றி அதைப் பெற்றுக்கொள்ளவும் அவர் முயலவில்லை. பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பி.ஏ. சித்தியடையாத ஒருவருக்கு அது கிடைத்தது. எமது பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளை எண்ணி உறக்கமிழக்கும் தாய்மார் இதைச் சற்று மனதிற் கொள்ளலாம்.

1895இல் வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் ஊழியராகச் சேர்ந்தார். அடுத்த வருடம் ஷேர்வுட் எடி என்னும் இளம் அமெரிக்கர் அதே பணிக்கு வந்தார். இருவரும் ஊரூராகச் சேர்ந்து திரிந்தனர், சேர்ந்து ஜெபித்தனர், ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லித் திருத்திக்கொண்டனர். வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேசையில் உணவருந்துவதே அரிதாயிருந்த காலம் அது. அந்த நட்பைச் சுவைத்தபடியினாலேதான், மற்ற இடங்களில் அது இல்லாமையை அசரியாவினால் அவ்வளவு கூர்மையாக உணர முடிந்தது என்பது என் எண்ணம்.

1898இல் அன்பு மரியம்மாள் சாமுவேலை மணந்தார். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதற் கிறிஸ்தவப் பெண்களுள் இவரும் ஒருவர். கணவர் மாதக்கணக்கில் பயணத்தில் இருக்கையில் பிள்ளைகளை வளர்த்ததும் வீட்டைத் தாங்கியதும் இவரே. ஆனால் அவருடைய பணி அத்தோடு நிற்கவில்லை. அதைப் பின்னர் சொல்வேன்.

1902ஆம் ஆண்டு வை.எம்.சி.ஏ. அலுவலாக அசரியா யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் அவ்வியக்கம் 1884 முதலே வேரூன்றியிருந்தது. இங்கே அவர் கண்டது, தமிழ் மாணவர்கள் தாமாகவே ஒரு மிஷனரிச் சங்கத்தை அமைத்து, தம் கைப்பணத்தைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் இந்தியக் கரைக்கு ஊழியரை அனுப்பி நடத்திக்கொண்டிருந்த காட்சி. எவருடைய உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்க மிஷனரிமாரின் பணத்தையும் எதிர்பார்க்கவில்லை.

இது அவரைக் குத்தியது. திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணச் சபையிலும் எத்தனையோ மடங்கு பெரியது. குருமாரும் உபதேசிமாரும் பாடசாலைகளும் கல்லூரிகளும் நிறைந்தது. ஆயினும் எதற்கும் சீமையிலிருந்து வரும் துரைமாரையும் அவர்களுடைய சங்கங்களையும் நோக்கியே நின்றது. அவ்வளவு பெரிய சபை பிறருக்கென்று ஒரு மிஷனரியையேனும் அனுப்பியதில்லை. பெற்றுக்கொள்ளும் கைகளாகவே ஒரு சபை நூறு வருடம் இருந்துவிட்டால் அதிலிருந்து தலைவர்கள் எழும்பமாட்டார்கள் என்பதை அவர் அந்தப் பயணத்தில் தெளிந்தார். ஊருக்குத் திரும்பியவர் நண்பர்களைக் கூட்டினார். 1903 பெப்ரவரி 12ஆந் திகதி திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையனவாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிடி அரிசியும் காணிக்கைச் சல்லியுமாகச் சேர்ந்த பணத்தில், நைசாம் மன்னரின் ஐதராபாத் இராச்சியத்திலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டனர். அங்கே பேசப்பட்டது தெலுங்கு. திருநெல்வேலியாருக்கு அது பிறதேசமே. 1905 நத்தார் தினத்தில், வங்காளத்துச் சேரம்பூரில், பல சபைகளையும் சேர்ந்த இந்தியர் கூடித் தேசிய மிஷனரிச் சங்கத்தை அமைத்தனர். அதன் தொடக்கத்திலும் அசரியாவின் கை இருந்தது. செயலாளர் பொறுப்பும் அவருக்கு வந்தது.

இரண்டு சங்கங்களின் செயலாளர் என்ற முறையில், போங்கள் போங்கள் என்று பிறரை அனுப்பிக்கொண்டிருப்பதே அவருடைய வேலை. அதிலே ஓர் ஆபத்து இருந்தது. மேடையில் நின்று பிறரை அழைப்பவர் தாம் ஒருபோதும் போவதில்லை. எத்தனையோ நல்ல தலைவர்கள் அந்த மேடையிலேயே முதுமையடைந்துவிடுகின்றனர். 1909இல், முப்பத்தைந்தாவது வயதில், பெயரும் செல்வாக்கும் பெருகிவந்த வேளையில், அவர் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கலுக்குச் சாதாரண மிஷனரியாகப் போனார். காட்டுப் பகுதி; காய்ச்சல் மலிந்த இடம். சிறு பிள்ளையைப் போல் தெலுங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். அவர் செய்த காரியங்களுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. பேராயர் பட்டத்தைக்கூட இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

1910இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளுள் ஆசியர் மிகச் சிலரே. அசரியா பேச எழுந்தார். வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான உறவு அவருக்குக் கொடுக்கப்பட்ட பொருள். அவர் அதை மெழுகிப் பூசவில்லை. மிஷனரிமார் பணத்தைக் கொடுக்கிறார்கள், ஆலோசனையைக் கொடுக்கிறார்கள், வேண்டுமானால் உயிரையும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்திய ஊழியரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை உணவு கொடுப்பதில்லை, சமமாக எண்ணி நட்புக் கொள்வதில்லை என்று எடுத்துரைத்தார். தியாகத்துக்கும் மேலாகத் தம் மக்கள் வேண்டுவது நட்பே என்று முடித்தார். மண்டபம் அதிர்ந்தது. சிலர் வெளிப்படையாகவே கோபங்கொண்டனர். இன்று அந்த மாநாட்டின் உரைகளுள் உலகம் நினைவில் வைத்திருப்பவை மிகச் சில. அவற்றுள் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுவே.

இதிலே எமக்கு ஒரு நுட்பம் உண்டு. ஒருவரிடத்தில் வேலை வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம், பாராட்டலாம். இவ்வளவும் செய்துகொண்டே அவரைச் சிறு பிள்ளையாகவே வைத்திருக்கவும் முடியும். சமையற்கட்டில் மட்டும் உதவிக்கு அழைக்கப்பட்டு, கூட்டத்தில் கருத்துக் கேட்கப்படாத பெண்களுக்கு இது நன்றாக விளங்கும்.

அவரைப் பேராயராக்க வேண்டும் என்று முன்னின்றவர் சென்னைப் பேராயர் ஹென்றி வைற்ஹெட். எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயக் குருமார் எப்படிப் பணிசெய்வர் என்று மிஷனரிமார் பலர் கேட்டனர். இந்தியக் கிறிஸ்தவருள்ளும், அவருடைய சொந்தத் திருநெல்வேலி உட்பட, அவரை விரும்பாதோர் இருந்தனர். அதிற் சாதியும் கலந்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. துரை எம்மை ஆளலாம், எம்மில் ஒருவன் ஆளக்கூடாது என்னும் மனப்பான்மை அந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. இறுதியில் 1912 டிசம்பர் 29ஆந் திகதி கல்கத்தா சென் போல்ஸ் பேராலயத்தில் அவர் தோர்ணக்கலின் முதற் பேராயராக அபிஷேகஞ் செய்யப்பட்டார். அங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதற் தடவை.

அவருக்குக் கிடைத்த மறைமாவட்டத்தில் இந்தியக் குருமார் ஆறு பேரளவில் இருந்தனர். மக்களுட் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்படும் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதவர்கள், கடனிலும் கள்ளிலும் மூழ்கியவர்கள். போதாததற்கு, மாலரும் மாதிகரும் ஒருவரோடொருவர் உணவருந்தமாட்டார்கள். இவர்களிலிருந்தா தலைவர்களை எழுப்புவது?

அவர் செய்த முறை ஆறுதலானது. கிராமத்துக்கு ஓர் ஆசிரியர் முதலில் வேண்டும். அவர் பகலிற் பிள்ளைகளுக்கும், கூலி முடிந்து வரும் பெரியோருக்கு இரவிலும் கற்பிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார். அந்த ஆசிரியர்களுள் உண்மையாய் உழைத்தவர்களைத் தெரிந்து தோர்ணக்கலில் நிறுவிய வேதசாத்திரக் கலாசாலைக்கு அழைத்தார். படிப்பு ஆங்கிலத்தில் அன்று, தெலுங்கில். ஆங்கிலம் கற்றுத் திரும்பினால் தம் மக்களிடமிருந்து விலகிப்போய்விடுவார்கள் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். பிள்ளை குட்டிகளோடு குடும்பமாகவே வந்து தங்கினர். கணவர்கள் கற்கும்போது மனைவியரும் கற்க வேண்டும் என்பது ஒழுங்கு.

மனைவியருக்கான வகுப்பைப் பொறுப்பேற்றவர் அன்பு அம்மையார். அவர்களுட் பலர் கூலிக் குடிசைகளிற் பிறந்தவர்கள். வாசிப்பு, வேதபாடம், சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, கூட்டத்தை நடத்தும் முறை என்பனவற்றைக் கற்று, கணவரோடு கிராமத்துக்குத் திரும்பியபோது அவர்களும் அங்கே பெண்களுக்கு ஆசிரியைகளாயினர். மறைமாவட்டத்தில் தாய்மார் சங்கத்தை வளர்த்தவரும் அம்மையாரே. பேராயரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அம்மையாரைப் பற்றி அவற்றில் உள்ள பக்கங்கள் மிகக் குறைவு. தோர்ணக்கலின் பலத்திற் பாதி அந்த வகுப்பறையிலிருந்து வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அங்கே ஞானஸ்நானம் பெறுவோருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தன் கையைத் தன் தலையிலேயே வைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லும் கடமை தன்மேல் விழுந்திருப்பதாக அறிக்கையிட வேண்டும். அன்று முதல்நாட் கிறிஸ்தவனாகிய கூலிக்காரனும் மறுநாளே ஊழியக்காரன். வருடத்தில் ஒரு வாரம் சாட்சி வாரமாகக் கொள்ளப்பட்டது. எழுத்தறியாத ஆண்களும் பெண்களும் தம் நாட்கூலியை இழந்து அயற் கிராமங்களுக்குப் போய், பாடியும் பேசியும், குடியை விட்ட தம் வாழ்க்கையையே சான்றாகக் காட்டியும் வந்தனர். அவர்களைப் பார்த்துச் சாதி இந்துக்களும் வியந்தனர். ஆலயக் காணிக்கையும் இப்படியே. ஏழைகளிடம் என்ன கேட்பது என்று மற்றவர்கள் கூசிய இடத்தில், ஏழையும் கொடுக்கக்கூடியவன் என்று அவர் நம்பினார். பிடி தானியம், கோழி, முட்டை, அறுவடையின் முதற் கதிர் எல்லாம் பீடத்துக்கு வந்தன. கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்தியாவுக்கு வெளியிலும் வாசிக்கப்பட்டது. கொடுக்கத் தெரிந்தவனே நிமிர்ந்து நிற்பான் என்பதை அவர் வறுமையை அறிந்தே சொன்னார்.

மாட்டு வண்டிலிலும் இரயிலிலும் கிராமம் கிராமமாகத் திரிந்தார். மரத்தடியில் மக்களை இருத்திக் கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதிலைத் திரும்பச் சொல்லவைத்துக் கற்பிப்பார். மாலரையும் மாதிகரையும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவைப்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் மறைமாவட்டம் விரிந்தபோது ஆங்கில மிஷனரிமார் பலர் அவருடைய ஆளுகையின்கீழ் வந்தனர். நடக்காது என்று 1912இற் சொல்லப்பட்டது நடந்தது. அவருடைய இறுதிக் காலமளவில் குருமார் தொகை நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்துக்கு மேல். 1939 ஜனவரி 6ஆந் திகதி, ஏறக்குறைய இருபத்தைந்து வருடங்களாகச் சிறுகச் சிறுகக் கட்டப்பட்ட தோர்ணக்கல் பேராலயம் பிரதிட்டை செய்யப்பட்டது. கோயில் தூண்களும் இஸ்லாமியக் குவிமாடங்களும் அதன் அழகிற் கலந்திருக்கின்றன. அதைக் கட்டக் காசில்லாத காலங்களில் வேலை நின்றது. பாடசாலைகளும் ஆசிரியர் பயிற்சியும் நிற்கவில்லை. இந்த வரிசையைக் கட்டடக் குழுக்களில் இருக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. ஒடுக்கப்பட்டோர் மதம் மாறுவது பற்றி 1930களில் மகாத்மா காந்தியோடு அவருக்குக் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. அது முற்றாகத் தீரவில்லை. இதற்கும் மேலாக, எடின்பரோவில் நட்பைக் கேட்ட மனிதரை அவருடைய மக்கள் தண்டிரிகாரு என்று அழைத்தனர். தெலுங்கில் அது தந்தையாரே என்று பொருள்படும். அன்பினால் வந்த பெயர்தான். எனினும் எல்லாத் தீர்மானமும் அவரிடமே வந்து நின்றது. முப்பத்திரண்டு வருடம் ஒரே கையில் அந்த மறைமாவட்டம் இருந்தது. அவருக்கு உதவிப் பேராயராய் இருந்த எலியட் என்னும் ஐரோப்பியரே அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். ஐரோப்பியர் ஒருவர் இந்தியரின் கீழ் மனமுவந்து பணிசெய்தது பெருமைக்குரியதே. ஆயினும், நூற்றைம்பது இந்தியக் குருமாரை எழுப்பியவர் தம் இடத்துக்கு ஓர் இந்தியரை ஆயத்தஞ் செய்து வைத்திருக்கக்கூடாதா என்ற கேள்வி எனக்கு எழத்தான் செய்கிறது. பிறரைப் பழக்குவதில் அவரளவு உழைத்தவருக்கே இது இவ்வளவு கடினமாயிருந்தது.

அவருடைய மற்றைய பெருங்கவலை சபைகளின் ஐக்கியம். 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த 33 பேர் கூடினர். ஓரிருவர் நீங்கலாக எல்லோரும் இந்தியர். மேற்கில் எப்போதோ நடந்த சண்டைகளால் உண்டான பிரிவுகளைத் தாம் சுமக்க வேண்டியதில்லை என்று அறிக்கை விட்டனர். அதன் பின் இருபத்தெட்டு வருடம் பேச்சுவார்த்தை. 1927இல் லொசானிலும் 1930இல் இலண்டன் லாம்பெத் மாநாட்டிலும் அசரியா மன்றாடினார். மேலைநாட்டில் பிரிவு ஒரு பலவீனம். எங்கள் நாட்டில் அது பாவமும் இடறலுமாகும் என்ற கருத்தை லொசானில் முன்வைத்தார். ஒரே கிராமத்துக் கூலிகளுக்கு ஒரே கர்த்தரின் பந்தி இரண்டாக இருப்பதை அவரால் விளக்க முடியவில்லை.

1945 ஜனவரி முதலாந் திகதி தோர்ணக்கலில் அவர் காலமானார். இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் கழித்து, 1947 செப்டெம்பர் 27ஆந் திகதி, சென்னை சென் ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள யாழ்ப்பாணமும் அதில் ஓர் ஆதீனமாகச் சேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்திறங்கிய மண்ணில், அந்த ஆதீனத்தின் முதற் பேராயராகப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத் தமிழராகிய சபாபதி குலேந்திரன்.